பிஸ்டன் நிற்கும் இடம்

எந்த எஞ்சினும் ஓடுவதற்கு ஒரு சேதி தெரிந்தாக வேண்டும்: பிஸ்டன் இந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது? நீராவியைத் திறந்துவிடுவது, பொறி பாய்ச்சுவது, டீசலைப் பீச்சுவது எல்லாம் அந்த இடத்தைப் பொறுத்தவை. பிஸ்டன் உச்சிக்கு ஏறி, இறங்கத் தொடங்கும் முன் அசைவற்று நிற்கும் இடத்தைப் பிரெஞ்சில் ‘புவான் மோர் ஓ’ என்பார்கள். மேலே உள்ள உயிரற்ற புள்ளி என்று பொருள். கராஜ் பேச்சில் அது ‘பே-எம்-ஆஷ்’ என்று மூன்றெழுத்தாகிவிட்டது. வேனிலும் பிக்கப்பிலும் அந்த இடத்தைக் கண்டு சொல்லும் கட்டைவிரல் பருமனுள்ள சென்சாருக்கும் பிரான்சில் அதே பெயர்தான். தமிழ் மெக்கானிக்குகள் அதைக் கிராங்க் சென்சார் என்கிறார்கள்.

பாரிஸின் வடக்கே உள்ள லாச்சப்பல் இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் பழகிய இடம். 1860 ஜனவரி 1 அன்று பாரிஸோடு சேர்க்கப்படும்வரை அது தனி ஊர். அதற்கு முன்பே, 1846இல், நோர் ரயில் கம்பெனி கார் து நோர் நிலையத்தைத் திறந்து, ஊரை ஊடறுத்துத் தண்டவாளம் போட்டிருந்தது. நிலையத்துக்கு வடக்கே கம்பெனியின் எஞ்சின் பட்டறைகளும் கொட்டகைகளும் எழுந்தன. இன்று சேலைக் கடைகளும் மளிகைக் கடைகளும் நகைக் கடைகளும் நிறைந்திருக்கும் தெருக்களின் பெயர்ப்பலகைகளே அந்தக் காலத்தைச் சொல்கின்றன. ரூ காய் என்ற தெரு ழான்-பிரான்சுவா காய் (1804–1871) பெயரைத் தாங்கியது. கொதிகலன் பட்டறைத் தொழிலாளியாகத் தொடங்கி, கரும்பாலை இயந்திரங்களும் ரயில் எஞ்சின்களும் செய்யும் பெருந்தொழிலை நடத்தியவர் அவர். அவருடைய கம்பெனி 1852இல் செய்த க்ராம்ப்டன் வகை எஞ்சின் ஒன்று, ‘லெ கொந்தினான்’ என்ற பெயரோடு, முல்ஹவுஸ் ரயில் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. பக்கத்துத் தெருவான ரூ பெர்தொனே, ரயில் பொறியியலைப் பாடமாகக் கற்பித்த ஒகுஸ்த் பெர்தொனேயின் பெயர் கொண்டது. 1980களில் ஈழத்திலிருந்து வந்தவர்கள் கடை திறக்கத் தொடங்கியதும், 1985இல் மாணிக்க விநாயகர் ஆலயம் அமைந்ததும் எஞ்சின்காரர்களின் இந்த வட்டாரத்தில்தான்.

நீராவி எஞ்சின் பட்டறையில் பிஸ்டனின் நிலையைக் கண்டுபிடிப்பது தனிக் கைவேலை. உச்சிப் புள்ளிக்கு அருகில் சக்கரம் கணிசமாகத் திரும்பினாலும் பிஸ்டன் மயிரிழைதான் நகரும். ஆகவே பிஸ்டனையோ, அதன் தண்டின் முனையில் சறுக்கும் குறுக்குத் தலையையோ பார்த்து ‘இதுதான் முனை’ என்று எவ்வளவு கூர்ந்த கண்ணாலும் சொல்ல முடியாது. அக்கால ரயில் பட்டறைகளில் இதற்கு ஒரு வழி இருந்தது. இரு முனையும் கூராக வளைத்த இரும்புக் கம்பி ஒன்றை எடுப்பார்கள். சக்கரத்தை மெல்ல உருட்டி, குறுக்குத் தலை முனையை எட்டச் சிறிது தூரம் இருக்கும்போது நிறுத்துவார்கள். அது நிற்கும் இடத்தை வழிகாட்டிச் சட்டத்தில் கீறிக்கொள்வார்கள். கம்பியின் ஒரு முனையை எஞ்சின் சட்டகத்தில் குத்திய சிறு குழியில் ஊன்றி, மறுமுனையால் சக்கர விளிம்பில் ஒரு கோடு. பிறகு சக்கரத்தை மேலும் உருட்டினால் குறுக்குத் தலை முனையைத் தொட்டுத் திரும்பி, அதே கீறலுக்கு வந்து சேரும். அங்கே நிறுத்தி, விளிம்பில் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே ஒரு புள்ளி குத்த வேண்டும். கம்பியின் கூர்முனை அந்தப் புள்ளியில் விழும்போது பிஸ்டன் சரியாக முனையில் நிற்கிறது. தேய்ந்த பின்களில் ஆட்டம் இருப்பதால், அளவெடுக்கும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரே திசையிலிருந்து உருட்டிக்கொண்டு வர வேண்டும். இதை மறந்தவர் கணக்கு பிசகும்.

பார்க்க முடியாத புள்ளியை, பார்க்க முடிந்த இரண்டு கோடுகளின் நடுவாகப் பிடிக்கும் இந்த யோசனைக்கு ஈடான அழகு அந்தத் தொழிலில் வேறு எதிலும் இல்லை.

நோர் கம்பெனியின் எஞ்சின்களில் இந்த வேலை இன்னும் நுணுக்கமானது. அல்ஃப்ரெத் து க்லெனின் வடிவமைப்பில் 1886இல் வந்த 701ஆம் எண் எஞ்சினும், அதன்பின் காஸ்தோன் து பூஸ்கே அவரோடு சேர்ந்து வளர்த்த வரிசையும் நான்கு சிலிண்டர் கொண்டவை. ஒரே நீராவி முதலில் உயரழுத்தச் சிலிண்டர்களிலும் பிறகு தாழழுத்தச் சிலிண்டர்களிலும் வேலை செய்யும். நான்கு பிஸ்டன்களின் நிலையும் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் கரி வீண், ஓட்டமும் குலுக்கல். இந்த மரபின் உச்சமான, பொறியாளர் ஷப்லோன் செம்மைப்படுத்திய பசிபிக் வகை எஞ்சின்கள் லாச்சப்பல் கொட்டகையில் தங்கி, கலே, லீல் பாதைகளில் விரைவு வண்டிகளை இழுத்தன.

லாச்சப்பல் பாரிஸோடு சேர்ந்த அதே 1860 ஜனவரியில், அதே நகரில், எத்தியென் லெனுவார் தன் வாயு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். விளக்கெரிக்கும் வாயுவையும் காற்றையும் சிலிண்டருக்குள் இழுத்து, மின்பொறியால் எரிக்கும் எஞ்சின் அது. பொறிக்கான உயரழுத்த மின்சாரத்தைக் கொடுத்தது ரூம்கோர்ஃப் சுருள். அதைச் செய்த ஹைன்ரிஷ் ரூம்கோர்ஃபும் பாரிஸில் பட்டறை வைத்திருந்தவர்தான். லெனுவார் எஞ்சினில் பிஸ்டனின் இரு பக்கமும் மாறிமாறி வாயு எரியும். எந்தப் பக்கம், எப்போது என்று தீர்மானிப்பதற்கு, எஞ்சினின் ஓட்டத்தோடு அசையும் ஒரு மின்தொடுப்பை அவர் வைத்தார். பட்டறைக்காரர் கம்பியாலும் கோட்டாலும் கண்டு கொடுத்த சேதியை இங்கே ஓடும் எஞ்சினே ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரத்தால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது.

1862இல் அல்ஃபோன்ஸ் போ து ரோஷா என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நான்கு வீச்சுச் சுழற்சியை எழுத்தில் வகுத்தார்: இழு, அழுத்து, எரி, வெளியேற்று. 1876இல் ஜெர்மனியின் நிக்கோலாஸ் ஓட்டோ அதை ஓடும் எஞ்சினாக்கினார். இதனால் ஒரு புதுச் சிக்கல் பிறந்தது. நான்கு வீச்சு முடிய கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. ஆகவே பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது. ஒரு முறை அழுத்தத்தின் முடிவில், இன்னொரு முறை புகையைத் தள்ளிய பிறகு. கிராங்கை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைச் சொல்லக்கூடியது பாதி வேகத்தில் சுற்றும் கேம் ஷாஃப்ட் மட்டுமே. இன்றைய வண்டிகளில் கிராங்குக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என இரண்டு சென்சார் இருப்பதன் காரணம் இதுதான்.

தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் பழுக்கக் காய்ந்த குழாய்தான் வாயுவைப் பற்றவைத்தது. எப்போது பற்ற வேண்டும் என்று அதற்குக் கட்டளை இட முடியாது. பாரிஸை ஒட்டிய புய்த்தோவில் தெ தியோன்-பூத்தோன் கம்பெனி 1895இல் கொண்டுவந்த சிறு எஞ்சின் அதை மாற்றியது. கேமால் திறந்து மூடும் மின்தொடுப்பும் சுருளும் பேட்டரியும் சேர்ந்து பொறி கொடுத்தன. பொறி விழும் நேரத்தை ஒரு சிறு பிடியால் முன்னும் பின்னும் தள்ளவும் முடிந்தது. எஞ்சினின் வேகம் அதுவரை கண்டிராத அளவுக்கு ஏறியது. பாயிண்ட் என்று உலகமெங்கும் மெக்கானிக்குகள் அழைக்கும் பாகத்தின் கால்வழி இதுதான். அடுத்த முக்கால் நூற்றாண்டு அது கோலோச்சியது.

பாரிஸ் கடைக்காரரின் சரக்கு வண்டி என்றால் பிக்கப்பைவிட ஃபூர்கொனெத் என்னும் பெட்டி வேன்தான் முதலில் நினைவுக்கு வரும். 1951இல் வந்த சித்ரோன் 2சேவே ஃபூர்கொனெத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் பொறி விழும்; ஒன்றில் அது வேலை செய்யும், மற்றதில் வீணாகும். பாயிண்ட் இருப்பது விசிறிக்குப் பின்னால், கேமின் மூக்கில். டைமிங் வைக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம்: 6 மி.மீ. தடிப்புள்ள ஒரு கம்பி போதும். எஞ்சின் கூட்டின் இடப்பக்கத் துளையில் கம்பியை நுழைத்து, எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். ஃப்ளைவீலில் உள்ள துளை நேரே வந்ததும் கம்பி ‘டக்’ என்று உள்ளே விழும். பொறி விழ வேண்டிய இடம் அது. பாயிண்டோடு இணைத்த சிறு பல்பு அந்தக் கணத்தில் எரிந்தால் டைமிங் சரி. நீராவிப் பட்டறையின் கூர்கம்பி, கடைத்தெரு வேனில் வேறு உருவில் திரும்பி வந்ததுபோல இருக்கிறது.

இந்தப் பாயிண்ட் அறிவு மிக நெருக்கடியான சோதனைக்கு உள்ளானது லாச்சப்பலுக்குத் தொலைவில், யாழ்ப்பாணத்தில். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெட்ரோலும் பேட்டரியும் உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டன. ஊரில் மிச்சமிருந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. கார்பரேட்டருக்குச் சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிட எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய டைமிங்கில் எஞ்சின் இடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, பொறியைச் சற்றுப் பின்தள்ளினால்தான் அடங்கும்.

எவ்வளவு தள்ளுவது என்பதை அளக்கக் கருவி இல்லாதபோது காதும் கையும்தான் அளவுகோல். முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு, கைப்பிடியால் கிராங்கைச் சுற்ற வேண்டும். விரலைக் காற்று முட்டித் தள்ளினால் பிஸ்டன் அழுத்த வீச்சில் ஏறுகிறது என்று பொருள். தள்ளாவிட்டால் அது புகை வெளியேறும் வீச்சு, இன்னொரு சுற்றுப் போக வேண்டும். இன்றைய கேம் சென்சார் செய்கிற வேலையை அந்தப் பெருவிரல் செய்தது. பிறகு கப்பிக் குறியைப் பார்த்து உச்சிக்குக் கொண்டுவந்து, பாயிண்ட் இடைவெளியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்குக்கு வைப்பார்கள். அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் காட்டிய திறமை எந்தப் பொறியியல் வரலாற்றிலும் இடம்பெறத் தக்கது. இதுவரை அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

டீசல் பிக்கப்புகளின் கதை வேறு. பெஜோ 404, 504 பிக்கப்புகள் பிரான்சைவிட ஆப்பிரிக்காவில் பேர்பெற்றவை. மேற்கு ஆப்பிரிக்காவில் பிக்கப்புக்கே ‘பாஷே’ என்றுதான் பெயர். அவற்றின் டீசல் எஞ்சினில் பிஸ்டனின் நிலையை எஞ்சினோடு பிணைத்த, டீசலைப் பீச்சும் பம்பு அறிந்திருந்தது. ஒருமுறை பம்பைக் குறிக்கு நேரே பூட்டிவிட்டால் பல்லாண்டு கவலையில்லை. மின்சாரம் ஸ்டார்ட் செய்யத்தான் தேவை. டீசல் ‘காமன் ரெயில்’ முறைக்கு மாறியபோது இந்த நிம்மதி போயிற்று. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156இல் தொடங்கி, ஓரிரு ஆண்டில் பெஜோவிலும் ரெனோவிலும் வந்த அந்த முறையில், எப்போது பீச்ச வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் வினாடிக்கு 18,000 பாகை திரும்புகிறது. சேதி ஒரு மில்லி வினாடி பிந்தினாலும் 18 பாகை பிசகிவிடும்.

பெட்ரோல் வண்டிகளில் மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. போஷ் நிறுவனத்தின் மோட்ரோனிக் 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐயில் வந்தது. எரிபொருளையும் பொறியையும் ஒரே கம்ப்யூட்டர் கவனித்தது. பிரான்சில் ரெனோவும் பெண்டிக்ஸும் கூட்டாகத் தொடங்கிய ரெனிக்ஸ், ஃப்ளைவீல் பற்களைப் படிக்கும் சென்சாரை 1980களில் பரவலாக்கியது. 1990களின் தொடக்கத்தில் ஐரோப்பியப் புகை வரம்புகள் வினையூக்கி மாற்றியைக் கட்டாயமாக்கியதும் பாயிண்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாரிஸுக்குள் ஓட 2017 ஜனவரி முதல் வண்டியின் புகைத் தரத்தைக் காட்டும் கிரித்தேர் வில்லை தேவைப்பட்டபோது, பழைய வேன்களுக்கும் நகருக்குள் இடம் குறையத் தொடங்கியது. விடியுமுன் ருன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வேன்கள் எல்லாம் இப்போது சென்சார் வேன்கள்.

சென்சாரின் உள்ளே இருப்பது எளிமையானது. ஒருவகை, காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புச் சுருளும். ஃபாரடே 1831இல் கண்ட விதிப்படி, முன்னால் இரும்புப் பல் கடக்கும்போதெல்லாம் சுருளில் மின்னழுத்தம் எழுந்து அடங்கும். மற்றது, 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவைப் பயன்படுத்தும் சிறு சில்லு. இரண்டுக்கும் எதிரே சுற்றுவது ஒரு பல்சக்கரம். பெரும்பாலும் 60 பற்களுக்கான இடம் இருக்கும். அதில் அடுத்தடுத்து இரண்டு பல் வேண்டுமென்றே இல்லாமல் விட்டிருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 பாகை. இரண்டு பல் இல்லாத வெற்றிடம் சுற்றுக்கு ஒருமுறை வரும். கம்ப்யூட்டர் அங்கிருந்து எண்ணத் தொடங்கி உச்சிப் புள்ளியைக் கணக்கிடும். பட்டறைக்காரர் சக்கர விளிம்பில் கீறிய கோடு இங்கே வெற்றிடமாக மாறியிருக்கிறது.

சென்சார் கெடும் விதமும் தனி. “வண்டி ஹீட்டானவுடனே நிண்டுபோகுது, ஆறினாப் பிறகு திரும்ப ஸ்டார்ட் ஆகுது” என்பதுதான் இந்தக் கோளாறின் வழக்கமான முறைப்பாடு. உள்ளே தலைமுடி போன்ற கம்பி அற்றிருக்கும். குளிரில் இரு முனையும் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் பிசின் விரிந்ததும் விலகும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது சுற்று வேகம் காட்டும் முள் பூச்சியத்தில் அசையாமல் கிடந்தால் சந்தேகம் வலுக்கும். ஸ்கேனரில் கிராங்குக்குப் பே 0335, கேமுக்குப் பே 0340 என்ற எண்கள் வரும்.

ஆனால் எண் வந்ததும் சென்சாரை வாங்க ஓடுவது பணத்தை இறைப்பது. கிராங்குக்கும் கேமுக்கும் பொருத்தமில்லை என்று சொல்லும் பே 0016 வந்தால், பெரும்பாலும் குற்றவாளி இழுபட்ட டைமிங் செயினோ பல் தாவிய பெல்டோதான். புதுச் சென்சார் போட்டாலும் அதே எண் திரும்பும். முதலில் வயரையும் கப்ளரையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறிய கப்ளர், புகைக்குழாயில் பட்டு உருகிய உறை, எலி கடித்த வயர் ஆகியவை சென்சார்மேல் பழியைப் போட்டுவிடுபவை. சுருள் வகையாக இருந்தால் ஓம் மீட்டரில் சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டும். எஞ்சினைச் சுற்றும்போது மாறுமின்னழுத்தம் துடிக்கும். மூன்று வயர் உள்ள ஹால் வகைக்கு ஓம் மீட்டர் உதவாது. அதற்கு மின்னூட்டம் வருகிறதா, தரை இணைப்பு நன்றா, சமிக்ஞை ஏறி இறங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சென்சார் இருக்கும் இடம் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். நீளவாக்கில் எஞ்சின் வைத்த பிக்கப்புகளில் கியர்பாக்ஸ் கூட்டின் மேல், ஃப்ளைவீலுக்கு நேரே, கைக்கு எட்டாத இடுக்கில் இருப்பதுண்டு. சிலவற்றில் முன்புறக் கப்பிக்கு அருகே, சிலவற்றில் சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில், ஸ்டார்ட்டருக்குப் பின்னால். அநேகமாக ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருக்கும். அதைக் கழற்றியபின் வருவதுதான் கடினம்: பல ஆண்டுச் சூட்டில் பிளாஸ்டிக் உடல் அலுமினியத் துளையில் இறுகியிருக்கும். திருகாணிச் செலுத்தியால் நெம்பினால் தலை முறிந்து அடிப்பாகம் உள்ளே நின்றுவிடும். துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே இழுக்க வேண்டும். வெளியே வந்த சென்சாரின் நுனியில் இரும்புத் தூள் தாடிபோல ஒட்டியிருந்தால், சமிக்ஞை மங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். துடைத்துப் பார்ப்பது நல்லது. புதியதைப் போடும்போது துளையைச் சுத்தம் செய்து, ஓ-ரிங்குக்குச் சிறிது எண்ணெய் தடவி, கையால் அழுத்தி உட்கார வைக்க வேண்டும். போல்டை இறுக்கி உட்காரவைத்தால் காது உடையும். பல்லுக்கும் நுனிக்கும் இடையே ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி வேண்டும். சுருள் வகையில் இரண்டு வயரை மாற்றி இணைத்தாலும் எஞ்சின் கிளம்பக்கூடும். ஆனால் டைமிங் பிசகி இழுவை குறையும், காரணம் எளிதில் அகப்படாது. சில வண்டிகளில் புதுச் சென்சார் படிக்கும் பல்சக்கரத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் வழியே பழக்கவும் வேண்டியிருக்கும்.

மின்சார வேன் வந்தபின்னும் இந்தப் பாகம் போய்விடவில்லை. 2011இல் வெளிவந்த ரெனோ காங்கூ மின்சார வேனின் மோட்டாரில் பிஸ்டனும் கிராங்கும் இல்லை; ஆனால் ரோட்டர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரியாமல் சுருள்களுக்கு மின்சாரம் கொடுக்க முடியாது. 1993இல் கார் து நோரிலிருந்து ஓடத் தொடங்கிய டேஜேவே அதிவேக ரயில் வண்டிகளின் ஒத்தியங்கு மோட்டார்களும் அப்படித்தான், ரோட்டரின் நிலையை ஒட்டியே மின்னோட்டத்தைத் திசைமாற்றின. லாச்சப்பலின் பழைய கொட்டகை நிலத்தை ஒட்டிய தண்டவாளத்தில் அவை நாள்தோறும் கடந்தன. மின்சார வாகனங்களில் அந்தக் கோணத்தைச் சொல்ல வழக்கமாக வைப்பது ரிசால்வர் என்ற பாகம். அதில் சில்லு இல்லை; ஒரு சுருளில் ஓடும் மின்சாரம் பக்கத்துச் சுருள்களில் எழுப்பும் மின்னழுத்தம், ரோட்டர் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும். ரூம்கோர்ஃபின் சுருளில் வேலை செய்த அதே தூண்டல்.